படகை மெதுவாக விடச் சொல்லுங்கள்

பள்ளி விடுமுறை தொடங்கிவிட்டால் கேமரன் மலையின் ரிங்லெட்டிலிருந்து லங்காவிக்கு வேன்கள் புறப்படும். இரவுச் சாப்பாட்டை முடித்து, தூங்கி விழும் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு, தாப்பா வரை அந்த நீண்ட வளைவுச் சாலையில் இறங்கி, நெடுஞ்சாலையைப் பிடித்து, விடியும்போது கோலப் பெர்லிஸ் ஜெட்டியில் நிற்க வேண்டும் என்பது எங்கள் ஊர்க் குடும்பங்களின் கணக்கு. ஒரு நாள் விடுப்புகூட வீணாகக் கூடாது. ஆனால் இருட்டில் கடந்துபோவதால், பார்க்கப் போகிற பொருளின் முதல் பாதி கண்ணில் படாமலே போய்விடுகிறது. லங்காவியில் நாம் வியந்து பார்க்கும் சுண்ணாம்புப் பாறை கடலில் தொடங்குவதில்லை. கோப்பெங் பக்கம் குவா தெம்புரோங் குகை இருக்கும் மலை நெடுஞ்சாலையின் ஓரத்திலேயே நிற்கிறது. சிம்பாங் பூலாய், ஈப்போ, செம்மோர் என்று வரிசையாக அந்த வெள்ளைச் செங்குத்து மலைகள் வருகின்றன. பெர்லிசின் நெல்வயல்களுக்கு நடுவிலும் அவை நிற்கின்றன. அதன் பிறகுதான் கடலுக்குள் இறங்கி, லங்காவியின் 99 தீவுகளில் பலவாகத் தலைகாட்டி, தாய்லாந்தின் சத்துன், கிராபி, பாங் ஙா கரைகள் வரை போகின்றன.

லங்காவிக்குப் போகாதீர்கள் என்று சொல்ல வரவில்லை. கட்டாயம் போக வேண்டும். ஆண்டு முழுக்கக் கொழுந்துக்கும் கீரைக்கும் தக்காளிக்கும் முதுகு வளைத்தவர்கள் இரண்டு நாள் கடலைப் பார்க்கப் போவதைக் குறை சொல்ல எவருக்கும் உரிமையில்லை. என் கவலையெல்லாம் படகில் ஏறிய பிறகு நடப்பதைப் பற்றியது. அங்கே எவ்வளவு வேகமாகப் போகிறோம், எதைக் கேட்கிறோம், எதற்குக் காசு கொடுக்கிறோம் என்பவற்றுக்கும், நாற்பது கோடி ஆண்டுகளுக்கும் மேலாக நிற்கிற அந்தக் கல்லுக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. மலையில் வாழும் எங்களுக்கு இது மற்றவர்களைவிட நன்றாகப் புரிய வேண்டும். ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் அந்தக் கல். லங்காவியில் வயதில் மூத்தது மச்சிஞ்சாங் மலை. கேபிள் காரில் ஏறுகிறவர்கள் அதன் மேல்தான் ஏறுகிறார்கள். அது மணற்பாறை. 50 கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்டது. மலேசியாவில் அறியப்பட்ட பாறைகளில் மிகப் பழையது அதுதான். அதற்கு அடுத்த தலைமுறை, கிழக்கே கிளிம் ஆற்றுப் பக்கம் நிற்கும் சுண்ணாம்புப் பாறை. ஆழமில்லாத, வெதுவெதுப்பான ஒரு பழங்கடலில் வாழ்ந்து மடிந்த உயிர்களின் ஓடுகளும் சுண்ணச் சேறும் அடுக்கடுக்காகப் படிந்து இறுகியதால் உண்டானது. லங்குன் தீவின் பாறைகளில் அந்த உயிர்களின் புதைபடிவங்களை இன்றும் பார்க்கலாம். தெற்கே டாயாங் புந்திங் தீவில் இருப்பது இன்னும் இளைய சுண்ணாம்புப் பாறை. ஏறத்தாழ 20 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமிக்கு அடியிலிருந்து மேலேறிய கருங்கல் குழம்பின் சூட்டில் வெந்து, அது பளிங்காக மாறிவிட்டது. அந்தக் கருங்கல்தான் இன்று லங்காவியின் நடுவே 881 மீட்டர் உயரத்தில் நிற்கும் குனோங் ராயா. எங்கள் கேமரன் மலையைத் தாங்கி நிற்கும் தித்திவங்சாத் தொடரின் கருங்கல்லும் ஏறக்குறைய அதே காலத்தில் உருவானது. தேயிலை வேர் பிடித்திருக்கும் கல்லுக்கும் டாயாங் புந்திங்கைப் பளிங்காக்கிய கல்லுக்கும் உறவு உண்டு என்று தெரிந்தபோது, அந்தத் தீவு எனக்கு அந்நியமாகத் தோன்றவில்லை.

சுண்ணாம்புப் பாறையின் வடிவத்தைச் செதுக்குவது மழை. வானத்திலிருந்து விழும் நீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு மெல்லிய அமிலமாகிறது. அது பாறையின் வெடிப்புகளில் இறங்கி, துளித்துளியாகக் கல்லைக் கரைக்கிறது. வெடிப்பு பொந்தாகிறது, பொந்து குகையாகிறது, குகையின் கூரை ஒரு நாள் இடிகிறது. டாயாங் புந்திங் ஏரி அப்படி இடிந்து இறங்கிய பள்ளத்தில் நிற்கும் நன்னீர். பிள்ளை இல்லாதவர்கள் அந்த நீரைக் குடித்தால் கரு தங்கும் என்பது அந்தத் தீவு மக்களின் நம்பிக்கை. உப்புக்கடலுக்கு மிக அருகில், ஒரு பாறைச் சுவருக்கு அப்பால் நல்ல தண்ணீர் தேங்கி நிற்பதைப் பார்த்தால், அப்படி ஒரு நம்பிக்கை பிறக்காமல் இருந்தால்தான் வியப்பு.

கடல் தன் பங்குக்கு அடிப்பக்கத்தைக் குடைகிறது. அலை தொடும் மட்டத்தில் பாறை உள்வாங்கி, மேல்பாகம் கூரை போல நீட்டிக்கொண்டு நிற்கும். கொஞ்சம் நிதானமாகப் பார்த்தால் இன்றைய அலைமட்டத்துக்கு மேலேயும் அதே மாதிரிக் குடைவுகள் தெரியும். ஏறத்தாழ 5,000 ஆண்டுகளுக்கு முன் இந்தக் கரையில் கடல் இன்றைக்கு இருப்பதைவிடச் சில மீட்டர் உயரமாக இருந்தது. அந்தப் பழைய மட்டம் பாறையில் கோடாக நிற்கிறது. கடல் ஏறியதையும் இறங்கியதையும் ஒரு பிள்ளை தன் கண்ணாலேயே படித்துக்கொள்ளும் இடம் அது. 2007 ஜூன் 1ஆம் தேதி யுனெஸ்கோவின் ஆதரவு பெற்ற புவிப்பூங்காவாக லங்காவி அறிவிக்கப்பட்டதும், தென்கிழக்கு ஆசியாவிலேயே அந்தத் தகுதியைப் பெற்ற முதல் இடமாக ஆனதும் இந்தப் பாறைகளால்தான். கூவா நகரக் கடைகளின் வரியில்லாச் சாக்லேட்டுக்கு அதில் எந்தப் பங்கும் இல்லை.

இவ்வளவையும் எந்தப் படகில் இருந்து பார்க்கிறோம்? பெரும்பாலோர் வாங்குவது மூன்று இடச் சுற்று. ஆளுக்கு இவ்வளவு என்று பணம். காலையில் ஒரு சுற்று, பிற்பகலில் ஒரு சுற்று. டாயாங் புந்திங் ஏரி, கழுகு பார்க்கும் இடம், பெராஸ் பாசா மணல்கரை. நான்கு மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்து அடுத்த கூட்டத்துக்குப் படகு காலியாக வேண்டும். கிளிம் பக்கம் படகை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுக்கிறார்கள். ஒரு மணி நேரத்துக்குப் பணம் கட்டிவிட்டு வௌவால் குகை, முதலைக் குகை, மீன்பண்ணை, கழுகு என்று நான்கும் வேண்டும் என்றால் படகு பறந்துதான் ஆக வேண்டும். படகோட்டியைக் கேட்டால் பயணிகள் வேகம் கேட்கிறார்கள் என்பார். பயணியைக் கேட்டால் நேரமில்லை என்பார். இரண்டும் உண்மை.

கழுகு பார்க்கும் இடத்தில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் படகில் ரிங்லெட்டுக்காரர்கள்தான் பாதிக்கு மேல். கொழுந்து எடுத்து ஓய்வுபெற்ற பெரியம்மா ஒருவரும் இருந்தார். படகு ஓரிடத்தில் வட்டமடித்து நின்றது. முன்னால் நின்ற படகிலிருந்து கோழித் தோலை அள்ளித் தண்ணீரில் வீசினார்கள். எங்கிருந்தோ செம்பருந்துகள் கூட்டமாக இறங்கின. வெள்ளைத் தலை, செம்பழுப்பு இறக்கை. பெரியம்மா சட்டென்று கன்னத்தில் போட்டுக்கொண்டு கைகூப்பினார். பிறகுதான் தண்ணீரில் மிதந்ததைக் கவனித்தார்.

"ஏம்பா, இது கருடன் இல்லையா? சாமிக்கா கோழித் தோலு போடுறாங்க?"

யாரும் பதில் சொல்லவில்லை. எல்லார் கையிலும் கைப்பேசி. சனிக்கிழமைகளில் வானத்தில் ஒற்றைக் கருடன் வட்டமிட்டாலே நல்ல சகுனம் என்று நின்று கும்பிடுகிற வம்சம் நாம். அதே பறவையைக் கசாப்புக் கடைக் கழிவுக்குப் பழக்குவதற்கு நாமே சீட்டு வாங்குகிறோம். செம்பருந்தும் வெண்வயிற்றுக் கடற்கழுகும் மீனையும் நண்டையும் பாம்பையும் தேடித் தின்று வாழ வேண்டியவை. நாள்தோறும் அதே நேரத்தில், அதே இடத்தில், எஞ்சின் சத்தத்தோடு தோல் கொட்டப்பட்டால் அவை வேட்டையைக் குறைத்துக்கொள்கின்றன. குஞ்சுகளுக்கும் சத்தில்லாத அந்தக் கொழுப்புத்தான் போகிறது. பறவை ஆய்வாளர்கள் இதைப் பல ஆண்டுகளாக எச்சரிக்கிறார்கள். அந்தப் பெரியம்மாவின் கேள்வியில் அந்த எச்சரிக்கை முழுவதும் அடங்கியிருந்தது.

கிளிமில் சேதம் சத்தமில்லாமல் நடக்கிறது. அங்கே சதுப்புநிலக் காடு சுண்ணாம்புப் பாறையின் காலடியிலேயே வளர்கிறது. வேர் பிடித்திருக்கும் சேற்றுப் படலம் பல இடங்களில் மெல்லியது. வேகப்படகு போகும்போது எழும் அலை கரையில் மோதித் திரும்புகையில் கொஞ்சம் சேற்றை இழுத்துக்கொண்டு போகிறது. ஒரு படகு என்றால் ஒன்றுமில்லை. விடுமுறை நாளில் ஓயாமல் படகுகள் போகின்றன. வேர்கள் வெளியே தெரிகின்றன, மரம் ஆற்றுப் பக்கம் சாய்கிறது, ஒரு மழைக்காலத்தில் விழுந்துவிடுகிறது. கிளிம் கிராமத்தார் கூட்டுறவுச் சங்கம் அமைத்துப் படகுகளை நடத்துகிறார்கள். மீன்பிடித்துப் பிழைத்த குடும்பங்கள் அவர்களில் பல. அந்த மரங்கள் நின்றால்தான் தங்கள் தொழில் நிற்கும் என்று அவர்களுக்குத் தெரியும். மெதுவாக ஓட்டுகிற படகோட்டிகளையும் பார்த்திருக்கிறேன். எங்கள் படகை ஓட்டியவரிடம் "பெலான்-பெலான், பாங்" என்று சொன்னபோது அவர் கோபப்படவில்லை. நிம்மதியாக எஞ்சினைத் தாழ்த்தினார். அதுவரை எவரும் அவரிடம் அப்படிக் கேட்டதில்லை என்பது அவர் முகத்தில் தெரிந்தது. வேகம் குறைந்ததும்தான் பாறை இடுக்கில் தொற்றியிருந்த செடிகளும், கிளையில் உட்கார்ந்திருந்த கண்ணாடிக் குரங்கும் எங்கள் கண்ணில் பட்டன. கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் போட்ட சாம்பல் நிறக் குரங்கு அது.

வௌவால் குகைக்குள் விளக்கடித்துக் கத்துகிறவர்களுக்கு ஒரு செய்தி. சுண்ணாம்புக் குகைகளில் கூட்டமாக வாழும் தேன் வௌவால் என்றொரு வகை உண்டு. இரவில் பல கிலோமீட்டர் பறந்துபோய்ச் சதுப்புநில மரத்தின் பூவிலும், டுரியான் பூவிலும், பெத்தாய்ப் பூவிலும் தேன் குடித்து, மகரந்தத்தைச் சுமந்து திரும்பும். டுரியான் பூ மாலையில் விரிந்து இரவில் உதிர்ந்துவிடும். அதற்குள் காய் பிடிக்க வைக்கிற முக்கியமான உயிர் இந்த வௌவால்தான். தாப்பா சாலை ஓரத்தில் பூர்வகுடி மக்கள் டுரியானையும் பெத்தாயையும் அடுக்கி வைத்து விற்பதை நாங்கள் எல்லாரும் நிறுத்தி வாங்கியிருக்கிறோம். அந்தப் பழத்துக்குப் பின்னால் எங்கோ ஒரு சுண்ணாம்புக் குகை இருக்கிறது. குகை போனால் வௌவால் போகும். வௌவால் போனால் மரம் நிற்கும், காய்ப்பு குறையும்.

மலைக்காரர்களுக்கு இது நன்றாகப் புரிய வேண்டும் என்று சொன்னேனே, அதற்குக் காரணம் ரிங்லெட் ஏரி. பெர்த்தாம் ஆற்றின் குறுக்கே சுல்தான் அபு பாக்கார் அணையைக் கட்டி 1963இல் மின்திட்டம் தொடங்கியபோது அது ஆழமான நீர்த்தேக்கம். மேலே காடு வெட்டிச் சரிவுகளைத் திறந்துவிட்டோம். நெகிழிக் கூரைத் தோட்டங்கள் மலைமேல் ஏறின. ஒவ்வொரு மழைக்கும் மண் இறங்கி ஏரியை நிரப்பியது. தூர்வார எவ்வளவு செலவழித்தாலும் மண் வருவது நிற்கவில்லை. 2013 அக்டோபர் 23ஆம் தேதி பின்னிரவில் கனமழையில் அணை நிரம்பித் தண்ணீரைத் திறந்துவிட்டபோது பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வெள்ளம் புகுந்தது. உயிர்கள் போயின. வீடுகளும் வாகனங்களும் சேற்றில் புதைந்தன. வார இறுதியில் மேலே ஏறி வந்து தேயிலை முன்னால் படம் எடுத்து, ஸ்ட்ராபெரி வாங்கிக்கொண்டு இறங்குகிறவர்களுக்கு அந்தச் சேறு தெரியாது. நெரிசலையும் குப்பையையும் எங்களுக்கு விட்டுவிட்டுப் போகிறார்கள் என்று அவர்களைப் பற்றிப் பசியாறும் கடையில் உட்கார்ந்து பேசுகிறோம். லங்காவி ஜெட்டியில் இறங்கும்போது நாம்தான் அந்த வார இறுதிக்காரர்கள்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. வெட்டிய காட்டை மறுபடி வளர்க்க ஒரு தலைமுறை, இரண்டு தலைமுறை ஆகும், ஆனால் வளரும். முற்றிய தேயிலையைப் பிடுங்கிவிட்டுப் புதுக் கன்று நடலாம். சுண்ணாம்பு மலையைத் திரும்ப நட முடியாது. எங்கள் பகாங் மாநிலத்திலேயே அதற்குச் சாட்சி உண்டு. குவாந்தானுக்கு அருகே புக்கிட் பஞ்சிங் என்று ஒரு மலை நின்றது. சிமெண்டுக்காக உடைத்து உடைத்து 2003 வாக்கில் மலையே இல்லாமல் போயிற்று. அந்த ஒரு மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத நத்தை ஒன்று அங்கே வாழ்ந்தது. பிளெக்டோஸ்டோமா சயாஃபிலம் என்பது அதன் அறிவியல் பெயர். மலையோடு அதுவும் அழிந்தது. சுண்ணாம்பு மலைகள் நிலத்தில் நின்றாலும் உயிர்களுக்குத் தீவுகள்தாம். ஒரு மலையின் நத்தையால் சமவெளியைக் கடந்து அடுத்த மலைக்குப் போக முடியாது. லங்காவிக்குப் போகும் வழியில் செம்மோர் அருகே நெடுஞ்சாலையிலிருந்தே தெரியும் குனோங் கந்தானிலும் அப்படி ஒரு நத்தையைக் கண்டுபிடித்து 2014இல் பெயரிட்டார்கள். அந்த மலையை உடைத்துவந்த லஃபார்ஜ் நிறுவனத்தின் பெயரையே அதற்கு வைத்தார்கள். நத்தை பிழைப்பது அந்த நிறுவனத்தின் கையில் இருக்கிறது என்பதை உலகுக்குச் சொல்ல ஆய்வாளர்கள் தேர்ந்த வழி அது.

லங்காவிக்குள்ளேயும் இது நடக்கிறது. புவிப்பூங்கா என்று பெயர் வாங்கிய தீவின் வடகரையில், தெலுக் ஏவா பக்கம், சிமெண்டு ஆலையும் அதற்கான சுண்ணாம்புக்கல் குவாரியும் இயங்குகின்றன. புவிப்பூங்கா வருவதற்கு முன்பே வந்த ஆலை அது. சிமெண்டு இல்லாமல் வீடு இல்லை. எங்கள் காய்கறித் தோட்டத்து அமில மண்ணைத் திருத்தக் கொட்டுகிற சுண்ணாம்புத் தூளும் ஏதோ ஒரு மலையை அரைத்ததுதான். ஆகவே குவாரிகளை எல்லாம் மூடு என்று நான் கூவமாட்டேன். ஏற்கெனவே திறந்த குவாரியை ஆழப்படுத்தலாம். தனி உயிரினம் எதுவும் இல்லை என்று ஆய்ந்து உறுதிசெய்த கல்லை எடுக்கலாம். புதிதாக ஒரு மலையைத் தொடுவதற்கு முன் அதில் என்ன வாழ்கிறது என்று பார்த்தாக வேண்டும். தீபகற்ப மலேசியாவில் 911 சுண்ணாம்பு மலைகள் இருப்பதாக 2016இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கெடுத்திருக்கிறது. இவற்றில் எதை விடுவது, எதைத் தொடுவது என்று முடிவெடுக்கப் பட்டியல் கையில் இருக்கிறது.

மலேசியத் தமிழருக்குச் சுண்ணாம்புப் பாறை வெறும் காட்சிப்பொருளும் அல்ல. பத்துமலை சுண்ணாம்புக் குகை. ஈப்போ கல்லுமலைக் கோயில் குனோங் செரோ என்ற சுண்ணாம்பு மலையை ஒட்டியது. பத்துமலையிலும் ஒரு காலத்தில் கல் உடைத்தார்கள். உடைப்பது நின்றதால்தான் இன்றைக்குத் தைப்பூசத்துக்கு ஏற ஒரு மலை இருக்கிறது. குனோங் செரோவில் 1973இல் பெரும்பாறை சரிந்து அடியில் குடியிருந்த ஏறத்தாழ 40 பேர் இறந்தார்கள். இந்தப் பாறையை மதிக்கத் தெரிய வேண்டும், அதற்கு அஞ்சவும் தெரிய வேண்டும். அழகாக இருக்கிறது என்று குடைந்த பாறைக்கு நேர் அடியில் படகை நிறுத்திப் படம் எடுக்கச் சொல்கிறவர்கள் இதை நினைத்துக்கொள்ளட்டும்.

மக்கள் போவதை முறைப்படுத்தினால் கடல் திரும்பி வரும் என்பதற்கும் பக்கத்திலேயே எடுத்துக்காட்டு உண்டு. தாய்லாந்தின் பீபீ தீவுகளில் சுண்ணாம்புச் செங்குத்துகளுக்கு நடுவே மாயா விரிகுடா இருக்கிறது. ஒரு திரைப்படத்தால் பெயர்பெற்று, நாளுக்கு ஆயிரக்கணக்கானோர் இறங்கிப் பவளம் சிதைந்துபோன இடம். 2018 ஜூனில் அதை மூடினார்கள். 2022 ஜனவரியில் திறந்தபோது படகுகளை விரிகுடாவுக்குள் விடவில்லை. தீவின் பின்புறம் இறங்கி நடந்து வர வேண்டும், ஒரே நேரத்தில் இத்தனை பேர்தான் என்று வரம்பு. இடையில் கருமுனைச் சுறாக்கள் கரையோரத்துக்குத் திரும்பியிருந்தன. படகுத் தொழில் செத்துவிடவில்லை.

லங்காவியில் இதைச் செய்ய வேண்டியது லங்காவி மேம்பாட்டு வாரியம். சதுப்புநில ஆற்றில் வேக வரம்பைக் கண்டிப்பாக நடைமுறைப்படுத்த வேண்டும். கழுகுக்குத் தீனி போடுவதைச் சுற்றுலாத் திட்டங்களிலிருந்தே எடுக்க வேண்டும். ஒரு நாளில் இத்தனை படகு என்று வரம்பு வைத்தால் படகோட்டிகளின் வருமானம் குறையாமலிருக்க மணிக்கட்டணத்தை உயர்த்தலாம். அதைக் கொடுக்க நாமும் தயாராக வேண்டும். யுனெஸ்கோ புவிப்பூங்காக்களை நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை மறு ஆய்வு செய்கிறது. அந்தத் தகுதி நிரந்தரமாக எழுதிக் கொடுத்ததல்ல.

வாரியம் செய்யும்வரை நாம் காத்திருக்கத் தேவையில்லை. இரண்டு குடும்பம் சேர்ந்தால் மூன்று இடச் சுற்றுக்குக் கொடுக்கிற பணத்தோடு கொஞ்சம் போட்டு ஒரு படகைத் தனியாகவே எடுக்கலாம். மூன்று மணி நேரம், இரண்டு இடம் போதும், கோழி வேண்டாம், ஆற்றுக்குள் மெதுவாகப் போக வேண்டும் என்று பணம் கட்டும் முன்பே சொல்லிவிடுங்கள். காலையில் முதல் படகாகக் கேளுங்கள். தண்ணீர் இறங்கியிருக்கும் நேரமானால் பாறையின் குடைவு முழுதாகத் தெரியும். தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் பிள்ளைகளை அழைத்துப் போகும்போது பகலில் புறப்படுங்கள். கோப்பெங்கிலிருந்தே பாறையைக் காட்டிக்கொண்டு போகலாம். மச்சிஞ்சாங், கிளிம், டாயாங் புந்திங் என்று மூன்று பாறைகளின் வயதையும் எழுதிய நான்கு பக்கக் கையேடு ஒன்றைத் தமிழில் தயாரிப்பது ஓர் ஆசிரியரின் ஒரு வார வேலை. படகுச் சீட்டு முகப்பில் இருப்பவர் நீங்கள் கேட்கிறபடி முடியாது என்றால் அடுத்த முகப்புக்குப் போங்கள். கூவாவிலும் செனாங்கிலும் படகுச் சீட்டு விற்கும் முகப்புகளுக்குப் பஞ்சமில்லை.